கியூ வரிசைக்குக் கணக்கு எழுதிய எர்லாங்

டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்துக் கிடந்த காலம் மும்பைத் தமிழர்களில் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது.

ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வரும். தாராவியில் இருப்பவர் பக்கத்துத் தபால் ஆபீசுக்கு ஓடுவார். திருநெல்வேலிக்கு ஒரு கால் வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். சாதாரணமா, அர்ஜெண்டா, லைட்னிங்கா என்று உள்ளேயிருந்து கேட்பார்கள். அர்ஜெண்டுக்குக் கட்டணம் இரண்டு மடங்கு. லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. கையில் இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, பெரும்பாலோர் சாதாரணம் என்றுதான் சொல்வார்கள். பிறகு பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். காலையில் புக் செய்த கால் மாலையில் கிடைத்ததும் உண்டு. கிடைக்காமலே கேன்சல் செய்துவிட்டு வீடு திரும்பியதும் உண்டு.

கட்டணம் மூன்று வகை. ஆனால் கம்பி ஒன்றுதான். லைட்னிங் கேட்டவருக்கென்று யாரும் தனிக் கம்பி இழுத்து வைத்திருக்கவில்லை. இருக்கிற சில கம்பிகளையே மூன்று வகையாரும் பங்கு போட்டுக் கொண்டார்கள்.

எத்தனை கம்பி போட்டால் எத்தனை பேர் காத்திருப்பார்கள்? ஒருவரை முன்னால் விட்டால் பின்னால் நிற்பவருக்கு எவ்வளவு தாமதம்? இதற்கெல்லாம் கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்கு அஸ்திவாரம் போட்டவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஆக்னர் கிராரூப் எர்லாங். டெலிபோன் என்ஜினீயர்களுக்கு உலகம் முழுவதும் தெரிந்த பெயர். கியூவில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியாது.

தலைகீழாகப் படித்த சிறுவன்

எர்லாங் 1878-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, ஜட்லாந்து பகுதியில் உள்ள லோன்போர்க் என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை ஹான்ஸ் நீல்சன் எர்லாங் அந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர். சர்ச்சின் குமாஸ்தா வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். தாய் மாக்டலீன் பாதிரியார் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய முன்னோரில் தாமஸ் ஃபின்க்கே என்ற பழைய கணித அறிஞர் ஒருவர் உண்டு.

வீட்டில் எர்லாங்கோடு பிரெடரிக் என்ற அண்ணனும் இரண்டு சகோதரிகளும் இருந்தார்கள். மாலை நேரத்தில் அண்ணன் மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பார். தம்பி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, எழுத்துகள் தலைகீழாகத் தெரியும்படியே அதே புத்தகத்தைப் படித்து முடித்துவிடுவார். நம் பக்கத்துச் சால்களில் ஒரே விளக்கின் கீழ் இரண்டு பிள்ளைகள் ஒரு பாடப் புத்தகத்தைப் பங்கு போட்டுக் கொள்வது புதிதல்ல. ஆனால் தலைகீழாகப் படிக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை.

வான சாஸ்திரத்தில் சிறுவனுக்கு ஆசை அதிகம். நட்சத்திரங்களைப் பற்றிக் கவிதைகூட எழுதினார். 14 வயதில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் பூர்வாங்கப் பரீட்சைக்கு உட்கார்ந்தார். அதற்கு வயது போதவில்லை. சிறப்பு அனுமதி வாங்கி எழுதி, சிறப்பாகவே தேறினார். பிறகு இரண்டு ஆண்டுகள் தந்தையின் பள்ளியிலேயே உதவி ஆசிரியராக வேலை பார்த்தார்.

1894-ல் ஹில்லரோட் என்ற ஊருக்குப் போய், தூரத்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்தார். 1896-ல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வசதியான குடும்பம் அல்ல. உபகாரச் சம்பளம் கிடைத்ததால்தான் படிப்பு நடந்தது. 1901-ல் கணிதத்தை முதல் பாடமாகவும், வான சாஸ்திரம், பௌதிகம், ரசாயனம் ஆகியவற்றைத் துணைப் பாடமாகவும் கொண்டு எம்.ஏ. பட்டம் பெற்றார்.

அதன் பிறகு சுமார் ஏழு ஆண்டுகள் பல பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் வேலை. மாலையில் கணக்கு. 1904-ல் ஹைகன்ஸ் என்ற பழைய மேதையின் கணித முறைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்குப் பல்கலைக்கழகத்தின் பாராட்டு கிடைத்தது. அத்தோடு நின்றிருந்தால், டென்மார்க்கில் ஒரு நல்ல கணக்கு வாத்தியார் இருந்தார் என்பதோடு கதை முடிந்திருக்கும்.

டெலிபோன் கம்பெனி அழைத்தது

டென்மார்க்கின் கணிதச் சங்கக் கூட்டங்களுக்கு எர்லாங் தவறாமல் போவார். அங்கே யோஹான் யென்சன் என்பவரின் பழக்கம் ஏற்பட்டது. யென்சன் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமை என்ஜினீயர். எந்தக் கல்லூரியிலும் பேராசிரியராக இருந்தவர் அல்ல. பகலில் கம்பெனி வேலை, மிச்ச நேரத்தில் கணிதம் என்று வாழ்ந்தவர். ஆனாலும் அவர் பெயரால் வழங்கும் கணித விதி ஒன்று இன்றும் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

யென்சன், எர்லாங்கைக் கம்பெனி நிர்வாக டைரக்டர் ஃபிரிட்ஸ் யோஹான்சனிடம் அறிமுகம் செய்து வைத்தார். யோஹான்சனுக்கு ஒரு தலைவலி இருந்தது.

அப்போது எல்லாம் கையால் இணைக்கும் எக்ஸ்சேஞ்சுகள். சந்தாதாரர் கூப்பிட்டால், போர்டின் முன் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் பெண் கவனித்து, யார் வேண்டும் என்று கேட்டு, கம்பியைச் செருகி இணைப்பார். முற்பகலில் வியாபாரிகள் எல்லாரும் ஒரே சமயத்தில் கூப்பிடுவார்கள். ஆபரேட்டர்கள் குறைவாக இருந்தால் சந்தாதாரர் திட்டுவார். அதிகமாக வைத்தால் சும்மா இருக்கும் நேரத்துக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரு எக்ஸ்சேஞ்சுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே எத்தனை கம்பி போடுவது என்பதிலும் இதே குழப்பம். அதுவரை அனுபவத்தை வைத்துக் குத்துமதிப்பாகத்தான் முடிவு செய்தார்கள். யோஹான்சன் தாமே 1907-ல் இதைப் பற்றி எழுதிப் பார்த்தார். இதற்கு ஒரு கணிதக்காரர் வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

1908-ல் எர்லாங் கம்பெனியில் சேர்ந்தார். வயது 30. வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வியாபாரக் கம்பெனிக்குக் கணிதம் போட வருவது அந்த நாளில் வழக்கம் இல்லாத காரியம்.

ஏறக்குறைய அதே சமயத்தில்தான் நம் ராமானுஜன் சென்னையில் வேலை தேடி அலைந்தார். 1912-ல் அவருக்குத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. அவர் ஆபீசில் பார்த்த கணக்கு வேறு, மனதில் போட்ட கணக்கு வேறு. எர்லாங்குக்கு இரண்டும் ஒன்றாக அமைந்தன. கொடுத்து வைத்தவர்தான்.

ஒழுங்கில்லாமைக்கும் ஒழுங்கு

கம்பெனியில் சேர்ந்த மறு ஆண்டே, 1909-ல், எர்லாங் தம் முதல் பெரிய கட்டுரையை வெளியிட்டார். யார் எப்போது டெலிபோனை எடுப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவரைக் கேட்டு இன்னொருவர் எடுப்பதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படித் தனித்தனியாக, ஒழுங்கில்லாமல் கூப்பிடும்போது, மொத்தத்தில் ஓர் ஒழுங்கு பிறக்கிறது. அது பாசான் என்ற பிரெஞ்சுக்காரர் முன்பே எழுதி வைத்த விதிக்கு அப்படியே பொருந்துகிறது என்று எர்லாங் காட்டினார்.

நிமிடத்துக்குச் சராசரி 3 கால் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். நூறு நிமிடத்தில் சுமார் 5 நிமிடம் ஒரு கால்கூட வராது. சுமார் 8 நிமிடங்களில் ஆறோ, அதற்கு மேலோ வந்து குவியும். யாரும் சதி செய்யவில்லை. யாரும் கூடிப் பேசி ஒன்றாக வரவில்லை. தற்செயலின் சுபாவமே கும்பலாக வருவதுதான்.

1917-ல் வந்த கட்டுரை இதைவிடப் பெரியது. தானியங்கி எக்ஸ்சேஞ்சுகள் வரத் தொடங்கிய காலம் அது. இத்தனை கம்பிகள், இவ்வளவு பேச்சு என்று சொன்னால், நூற்றில் எத்தனை கால்களுக்கு எல்லாக் கம்பியும் பிஸியாக இருக்கும் என்பதற்கு அதில் சூத்திரம் கொடுத்தார். காத்திருக்க வைத்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கும் கொடுத்தார்.

அவர் பிடித்த வழி மிக எளியது. ஒரு கடைக்குள் இருப்பவர்கள் எண்ணிக்கையை வாசலில் நின்று குறித்துக் கொண்டே வாருங்கள். ஒவ்வொருவராகத்தான் நுழைகிறார்கள், ஒவ்வொருவராகத்தான் வெளியேறுகிறார்கள். எண்ணிக்கை மூன்றிலிருந்து நான்காக எத்தனை முறை ஏறியதோ, நாளடைவில் நான்கிலிருந்து மூன்றாக அத்தனை முறை இறங்கியே தீர வேண்டும். ஏற்றமும் இறக்கமும் சமம். இந்த ஒன்றை வைத்துக் கொண்டே மற்றதை எல்லாம் அவர் கணக்கிட்டுவிட்டார்.

27 பேரும் 29 பேரும்

இதை எழுதுகிறவனும் ரெயில்வே ஜன்னலுக்கு உள்ளே உட்காருகிறவன். எனவே கம்பியை விட்டுவிட்டு டிக்கெட் கவுண்ட்டருக்கு வருகிறேன்.

ஒரே ஜன்னல். ஒருவருக்குச் சராசரி 2 நிமிடம். அதாவது மணிக்கு 30 பேரைக் கவனிக்கலாம். வருகிற நேரமும் ஒழுங்கில்லை, ஒவ்வொருவருக்கும் பிடிக்கிற நேரமும் ஒழுங்கில்லை. சில்லறை தேடுபவர் உண்டு, தேதியை மாற்றிக் கேட்பவர் உண்டு. மணிக்கு 15 பேர் வந்தால், எர்லாங் கணக்குப்படி சராசரி காத்திருப்பு 2 நிமிடம். 24 பேர் வந்தால் 8 நிமிடம். 27 பேர் வந்தால் 18 நிமிடம். 29 பேர் வந்தால் 58 நிமிடம்!

27-க்கும் 29-க்கும் வித்தியாசம் இரண்டே பேர். காத்திருப்பு மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 30 பேர் வந்தால் கியூவுக்கு முடிவே இல்லை. 30 பேரைக் கவனிக்க முடியும், 29 பேர்தானே வருகிறார்கள் என்று மேலே உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் ஏமாந்து போவது இங்கேதான். வெளியே நிற்பவர், உள்ளே இருப்பவன் டீ குடிக்கப் போய்விட்டான் என்று நினைக்கிறார். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் போகாவிட்டாலும் கியூ நீளும்.

இன்னொன்றும் அந்தச் சூத்திரத்திலிருந்து வருகிறது. ஒரே ஒரு கம்பி, அதற்குச் சரியாக ஒரு கம்பி அளவு பேச்சு வருகிறது என்றால், பாதிப் பேருக்கு பிஸிதான். 10 கம்பிக்கு 10 கம்பி அளவு பேச்சு வந்தால் நூற்றுக்கு 21 பேருக்கு பிஸி. 100 கம்பிக்கு 100 கம்பி அளவு வந்தால் நூற்றுக்கு 7, 8 பேருக்குத்தான். ஆளுக்கொரு கம்பி என்று பிரித்துக் கொடுப்பதைவிட எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பொதுவாக வைத்தால் எல்லாருக்கும் லாபம்.

தெருவில் இறங்கிய கணித மேதை

இந்தச் சூத்திரங்களை எழுதியவர் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை. கம்பெனியின் சோதனைக்கூடத்துக்கு அவரே தலைவர். ஆனால் ஆரம்பத்தில் அவருக்கு உதவியாளர் யாரும் கிடையாது. பூமிக்கடியில் போகும் டெலிபோன் கேபிள்களின் ஈய உறை, கசியும் மின்சாரத்தால் அரித்துப் போய்க் கொண்டிருந்தது. அதை அளக்க வேண்டும். ஏணியைச் சுமந்து கொண்டு ஒரு தொழிலாளி கூட வர, தாடி வைத்த எர்லாங் கோபன்ஹேகன் தெருக்களில் நடந்து போவார். மேன்ஹோல் மூடியைத் திறந்து, ஏணியை இறக்கி, தாமே உள்ளே இறங்கி அளப்பார். டெலிபோன் மின்னோட்டத்தை அளக்க ஒரு கருவியையும் அவர் உருவாக்கினார். ஆபீஸ்களில் கணக்குப் போடுகிறவர்களுக்கு உதவும் வாய்பாட்டுப் புத்தகங்களும் தயாரித்தார்.

அவர் பெரும்பாலும் டேனிஷ் மொழியிலேயே எழுதினார். அதுவும் மிகச் சுருக்கமாக எழுதுவார். நிரூபணத்தைப் பல இடங்களில் விட்டுவிடுவார். ஆனாலும் செய்தி பரவியது. பிரிட்டிஷ் தபால் இலாகா அவருடைய சூத்திரத்தை ஏற்று, தன் டெலிபோன் திட்டங்களுக்குப் பயன்படுத்தியது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஒருவர், இவருடைய கட்டுரைகளை மூலத்திலேயே படிப்பதற்காக டேனிஷ் மொழியைக் கற்றுக் கொண்டதாகச் சொல்வார்கள்.

எர்லாங் திருமணம் செய்து கொள்ளவில்லை. அதிகம் பேசமாட்டார். சம்பளத்தில் கணிசமான பகுதி புத்தகங்களுக்குப் போயிற்று. கணிதம், வான சாஸ்திரம், பௌதிகம் என்று பெரிய நூலகமே வீட்டில் வைத்திருந்தார். இன்னொரு பகுதி இல்லாதவர்களுக்குப் போயிற்று. கஷ்டப்பட்டவர்கள் அவரைத் தேடிச் சோதனைக்கூடத்துக்கே வருவார்கள். யாருக்கும் தெரியாமல் உதவி செய்து அனுப்பிவிடுவார்.

ஏறத்தாழ 20 ஆண்டு வேலையில் உடம்பு சரியில்லை என்று அவர் லீவு எடுத்தது மிக அபூர்வம். 1929 ஜனவரியில் வயிற்று உபாதைக்காக ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பிப்ரவரி 3-ந் தேதி காலமானார். வயது 51.

1946-ல் சர்வதேச டெலிபோன் ஆலோசனைக் குழு, டெலிபோன் நெரிசலை அளக்கும் அலகுக்கு எர்லாங் என்று பெயர் வைத்தது. ஒரு கம்பி ஒரு மணி நேரம் முழுவதும் ஓயாமல் பேச்சில் இருந்தால் அது ஒரு எர்லாங். 1948-ல் அவருடைய கட்டுரைகளைக் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனி ஆங்கிலத்தில் ஒரே தொகுப்பாக வெளியிட்டது.

முன்னால் போகிறவர் யார்?

எர்லாங்கின் கணக்கில் எல்லாரும் சமம். சாதாரணம், அர்ஜெண்ட், லைட்னிங் என்ற பிரிவு அதில் இல்லை. ஒரே கம்பியைப் பல வகையார் பங்கு போட்டுக் கொண்டால் என்ன ஆகும் என்ற கணக்கு அவருக்குப் பின் வந்தது. 1954-ல் ஆலன் கோபாம் என்பவர் முன்னுரிமைக் கியூவுக்குச் சூத்திரம் எழுதினார். 1960-களில் அமெரிக்காவின் லெனார்ட் கிளைன்ராக், கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போடுவதை ஆராய்ந்தபோது ஓர் உண்மையை நிறுவினார். வேலையின் அளவு மாறாத வரையில், யாரை முன்னால் விட்டாலும் மொத்தக் காத்திருப்பு குறையாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

பழைய கவுண்ட்டரிலேயே பார்க்கலாம். மணிக்கு 27 பேர், ஆளுக்குச் சராசரி 18 நிமிடம். மொத்தம் 486 நிமிடம். இதில் 3 பேரை, முதியவர் என்றோ ஊனமுற்றவர் என்றோ, வந்தவுடன் முன்னால் விடுகிறோம். அவர்கள் 2 நிமிடத்தில் முடித்துக் கொள்வார்கள். மற்ற 24 பேருக்கு 18 நிமிடம் 20 நிமிடமாகும். கூட்டினால் அதே 486.

இரண்டு நிமிடம் பெரிதல்ல. பெரியவர் ஒருவரை முன்னால் விட யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் 27 பேரில் 15 பேருக்குச் சலுகை என்று வைத்தால்? அந்த 15 பேருக்கு 3.6 நிமிடம். மற்ற 12 பேருக்கு 36 நிமிடம். மொத்தம் மறுபடியும் 486-தான். சலுகை பெற்ற 15 பேரும் கியூ ஒழுங்காகத்தானே நகர்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த கியூ அப்படி.

ரெயிலில் படுக்கைகளைக் கோட்டா கோட்டாவாகப் பிரித்து வைப்பதும் இதே வகைப் பிரச்சினை. பெண்களுக்கு, முதியவர்களுக்கு, அவசரத்துக்கு, 1997-ல் வந்த தத்காலுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போக நினைக்கும் செம்பூர்க்காரருக்கு மிஞ்சுவது பொதுக் கோட்டாவில் உள்ள மீதிதான். பிரித்து வைத்த படுக்கையைக் கடைசியில் காலியாகப் போக விடாமல் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குத் திறந்து விடுவதில்தான் எர்லாங்கின் பொதுக் கம்பிப் பாடம் மறுபடி வேலை செய்கிறது.

என் அனுபவத்தில் சண்டை அதிகம் வருவது கியூ நீளமாக இருக்கும்போது அல்ல. பக்கத்துக் கியூ வேகமாக நகரும்போதுதான். நான்கு ஜன்னலுக்கு நான்கு கியூ இருந்தால், சில்லறை தேடுபவருக்குப் பின்னால் மாட்டிக் கொண்டவர் பாவம். நான்கு ஜன்னலுக்கும் ஒரே கியூ, எந்த ஜன்னல் காலியானாலும் அடுத்தவர் அங்கே என்று வைத்தால், ஒரு கிளார்க்கைக்கூடக் கூடுதலாகப் போடாமல் அந்தச் சண்டை போய்விடுகிறது. பாங்குகளில் டோக்கன் மெஷின் வைத்து நம்பர் கூப்பிடுவது இந்த ஏற்பாடுதான்.